என் பேர் குடியிருந்த வீடு

"காலை அகட்டி வை, பிள்ளை. மதாம் வாத்து மாதிரித்தான் நடப்பா."

அம்மா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்ல, நான் மதாமின் பனிச் சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறையோடு காலை நுழைத்துப் புதுப் பனியில் இறங்கினேன். பகல் முழுக்கப் பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஒரு அணிலின் கால்கூட இன்னும் படவில்லை. வாசலிலிருந்து வீதிவரை எட்டு வைத்து எண்ணினால் பதினெட்டு. பதினெட்டிலும் வாத்து.

"சரி, திரும்பி வா. இனி ஐயாவின்ர சப்பாத்து. கராஜ் பக்கம் போ. அந்தாள் நேர நடக்கும். குதிக்காலைக் குத்தி நடக்கும். கோவக்காரன்."

ஐயாவாகவும் நடந்தேன். பெரிய சப்பாத்து. ஒவ்வொரு எட்டுக்கும் என் கால் உள்ளே தனியாக ஒரு நடை நடந்தது.

மூன்றாவது சோடி அவர்களுடைய மகளுடையது. மகள் கலியாணம் முடித்து வன்கூவரில். சப்பாத்து மட்டும் அலுமாரிக்குள் பத்து வருசமாக நின்றது. அது எனக்கு அளவாக இருந்தது. அளவென்றால், வாங்கும்போது என் காலைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி.

"மகள் எப்பிடியம்மா நடப்பா?"

"எனக்கென்ன தெரியும். நான் கண்டனானே? நீ உன்ர பாட்டுக்கு நட."

ஒரு சனிக்கிழமை மாலை நாலரை. மொன்ட்ரியால் பனிக்காலத்தில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் நீலமாகிவிடும். வாசலில் நின்று பார்த்தேன். மூன்று பேர் வெளியே போயிருந்தார்கள். மூன்று பேர் உள்ளே வந்திருந்தார்கள். வீட்டுக்குள் ஒருவருமில்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் வாழ்ந்த வீடுகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தக் கிழமை, ஒருநாளும் நான் படுத்தெழும்பாத ஒரு வீட்டைப் பற்றி.

ஆள் இருக்கிற மாதிரி

மதாமும் ஐயாவும் நவம்பரில் புளோரிடாவுக்குப் போனால் ஏப்ரலில்தான் திரும்புவார்கள். வீடு மலைச் சரிவில், கல்வீடு, மூன்று தட்டு. பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அடிக்கடி ஒருவர் வந்து பார்க்கவேண்டும் என்பது காப்புறுதிக்காரரின் சட்டம். குழாய் உறைந்து வெடிக்கும், சூடேற்றி நின்றுபோகும், கள்ளர் வருவார்கள்.

அந்த ஒருவர் அம்மா. செவ்வாயும் வெள்ளியும் அவர் போவார். மற்ற வேலைநாட்களில் ஒரு ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. ஆனபடியால் மிச்ச மூன்று நாட்களும் பள்ளிக்கூடம் விட்டு நான்.

வேலை பெரிதில்லை. குழாய்களைத் திறந்து பூட்டவேண்டும். கதவடியில் கிடக்கும் விளம்பரத் தாள்களைப் பொறுக்கவேண்டும். விளக்குகளைப் போடவேண்டும், அதுவும் ஒழுங்குமுறையில்: முதலில் குசினி, பிறகு மாடிப்படி, பிறகு மேலே வீதிப்பக்க அறை. ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அம்மா கண்டுபிடித்திருந்தார். சமைப்பார்கள், ஏறுவார்கள், படுப்பார்கள். ஐந்தரை மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் எரியவிட்டு, நான் பஸ் பிடிப்பேன்.

கதிரை, சோபா, பியானோ எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. குளிர்பெட்டியைத் துடைத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குள் இருட்டு. ஒரு குளிர்பெட்டிக்குள் இருட்டாக இருக்கும் என்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு கட்டளை: தொலைபேசியை எடுக்கக்கூடாது. அது அடிக்கும். நாலு தரம் அடித்ததும், ஆளில்லாத வரவேற்பறையில் மதாமின் குரல் பேசத் தொடங்கும். *நாங்கள் இப்போது தொலைபேசிக்கு வரமுடியாமலிருக்கிறோம்.* சிரித்துக்கொண்டே சொல்லுவா. பக்கத்து அறையில் கை ஈரமாக இருப்பவள் சொல்லுவதுபோல. நான் மாடிப்படியில் அசையாமல் நிற்பேன். குரல் முடியும். போர்த்திய துணிகள் எல்லாம் என்னைப் போலவே அதுவரை மூச்சைப் பிடித்து வைத்திருந்தன என்று தோன்றும்.

விலாசம்

கடுதாசிக் கணக்கில் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

அம்மா எங்களுக்கு நாலு வருசம் முந்திக் கனடா வந்தவர். வந்த புதிதில் இரண்டு வருசம் மதாமின் வீட்டு நிலக்கீழ் அறையில் தங்கியிருந்து வேலை செய்தார். அவருடைய பத்திரங்களில் எல்லாம் அந்த விலாசம். அப்பாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, கொழும்பிலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது, கோட்-டெ-நெய்ஜில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் செங்கல் கட்டடமொன்றில் மூன்றாம் மாடி எடுத்தோம். ஒரு பத்திரத்தில் மட்டும் விலாசம் மாற்றாமல் விடுபட்டிருந்தது. அதைச் சித்தப்பா கண்டுவிட்டார்.

சித்தப்பாவைத் தெரியாதவர்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை. எல்லாருடைய படிவங்களும் அவர்தான் நிரப்புவார்.

"அண்ணி, இதை மாத்திப்போடாதேங்கோ," என்றார். "உந்த விலாசத்துக்கு எந்தப் பள்ளிக்கூடம் தெரியுமோ? டாக்குத்தர்மாற்ற பிள்ளையள், அப்புக்காத்துமாற்ற பிள்ளையள் போற பள்ளிக்கூடம். அரசாங்கப் பள்ளிக்கூடம், பீஸ் இல்லை. விலாசந்தான் பீஸ்."

"பிடிபட்டால்?"

"பிடிபட்டால் அண்டைக்கே அனுப்பிப்போடுவாங்கள். பிடிபடாமல் இருக்கச் சொல்லுங்கோ."

அப்பாவுக்குப் பாண் பேக்கரியில் இராவேலை. பகலில் நித்திரை. எங்கள் வீட்டு முடிவுகள் அநேகமாக அவர் குறட்டைவிடும் நேரத்தில்தான் எடுக்கப்பட்டன.

மதாமுக்கு இது தெரியாது. தெரிந்தால் அம்மாவின் வேலை போகும். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் என் படிப்பு போகும். பதினாலு வயதில் என்னிடம் இருந்த இரகசியம் இந்த ஒன்றுதான். அதற்கு இரண்டு பக்கமும் கூர்.

மற்றப் பிள்ளைகளின் கடிதங்கள் போலவே எனக்கும் பள்ளிக்கூடக் கடிதங்கள் அந்த வீட்டுக் கதவு ஓட்டையால் விழும். மதாம் ஊரில் இருக்கும் மாதங்களில் அவ காணமுன்னம் அம்மா பொறுக்கிவிடுவார். நான் கதவைத் திறந்தால் என் பேர் எனக்கு முன்னமே வந்து நிலத்தில் கிடக்கும். சில நாள் முகம் குப்புற. சில நாள் கூரையைப் பார்த்தபடி. எடுத்துப் பைக்குள் வைக்கும்போது, ஏதோ அதன் இடத்திலிருந்து பெயர்க்கிற மாதிரி ஒரு கூச்சம்.

அரை அப்பிள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் கேலி செய்யவில்லை. இதைச் சொன்னால் நம்புவதில்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஒரே ஒரு விசயம், அவர்கள் எதையும் கேட்பதில்லை. தங்களிடம் இருப்பது எல்லாரிடமும் இருக்கும் என்று நினைத்தார்கள்.

நான் பார்த்துப் பழகினேன். அவர்கள் மதியத்தில் அப்பிளை அரைவாசி தின்றுவிட்டு எறிவார்கள். நானும் அரை அப்பிளை எறியக் கற்றேன். கை கூசும். முதல் மாதம் எறிந்த அரை அப்பிள்களை இன்றைக்கும் எண்ணலாம்.

அவர்கள் நன்றியை ஒரு தரம்தான் சொல்லுவார்கள். நாங்கள் மூன்று தரம் சொல்லுகிற சாதி. இரண்டைக் குறைத்தேன். வெள்ளிக்கிழமை மதியமானால் எல்லாரும் அலுத்த முகத்தோடு "இந்தமுறையும் ஷலே" என்பார்கள். காட்டுக்குள், ஏரிக்கரையில், அவரவர் குடும்பத்துக்கு ஒரு மரவீடு. நான் "நாங்கள் இந்தக் கிழமை போகேல்லை" என்பேன். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. மார்ச் விடுமுறை முடிந்து வருகையில் எல்லா முகங்களும் பனிச்சறுக்கல் வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளை வட்டமாக இருக்கும். இருபத்தெட்டு ஆந்தைகள் இருக்கும் வகுப்பில் நான் ஒருத்தி ஆந்தையில்லை. "நீ குடுத்துவைச்சவள், உனக்கு வெயில் பிடிக்கிறேல்லை" என்று சொன்னாள் எலோடி.

(அவள் சொன்னது பிரெஞ்சில். என் ஞாபகத்தில் மொன்ட்ரியால் முழுக்க யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.)

எலோடிதான் என் சிநேகிதி. நெட்டைப் பெண். விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே உண்மைகளைச் சொல்லுவாள். மதாமின் வீட்டுக்கு நேரெதிர் வீடு அவளுடையது; அந்த டிசம்பரில்தான் அங்கே குடிவந்திருந்தார்கள், மதாமைக் கண்டதில்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டு இருவரும் ஒன்றாகவே நடப்போம். அவள் அந்தப் பக்கம் போக, நான் திறப்பை எடுத்து இந்தப் பக்கம் திறப்பேன். செவ்வாய், வெள்ளிகளில் எனக்குப் "பியானோ வகுப்பு". அந்த நாட்களில் மலையின் மற்றப்பக்கம் இறங்கி வீட்டுக்குப் போவேன்.

"உங்கட அம்மா அப்பாவை நான் ஒருநாளும் காணேல்லையே," என்பாள்.

"பிந்தித்தான் வருவினம்."

"காலடி மட்டும் காணுறன்," என்றாள் ஒருநாள். "உங்கட அப்பாக்குப் பெரிய கால்."

புதன்கிழமை

பெப்ரவரியில் எனக்குக் காய்ச்சல். புதன்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. மலை வீட்டுக்கும் போகவில்லை. நாள் முழுக்க எங்கள் மூன்றாம் மாடியில், அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்து அறையில், போர்வைக்குள் கிடந்தேன்.

வியாழன் எலோடி கோபமாக இருந்தாள்.

"நேற்று உனக்குக் கை காட்டினன். நீ பாக்காத மாதிரி நிண்டாய்."

"எங்க?"

"மேல் யன்னலிலை. அஞ்சு மணி இருக்கும். விளக்குப் போடாமல் நிண்டாய். நான் இரண்டு கையையும் ஆட்டினன். நீ அப்பிடியே வீதியைப் பாத்துக்கொண்டு நிண்டாய்."

"காய்ச்சல்," என்றேன். "கவனிக்கேல்லை."

அன்று மாலை அந்த வீட்டுக்குள் போகவே கால் வரவில்லை. போனேன். மேலறையில் எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது. யன்னல் சீலை, போர்த்திய நாற்காலி, தூசி. நாற்காலியின் துணி நெடுக்காகத் தொங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் அது ஆளாகத் தெரியலாம். தெரியாமலும் இருக்கலாம். யன்னல் கண்ணாடியில் நெற்றி உயரத்தில் ஒரு மங்கல் இருந்தது, மூச்சுப்பட்ட மாதிரி. கிட்டப் போனேன். என் நெற்றி அதில் சரியாகப் பொருந்தியது.

முந்திய நாட்களில் நானே அங்கே சாய்ந்து நின்றிருக்கலாம். இப்போது அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இரவுச் சோற்றுக்கு இருக்கும்போது கேட்டேன். "நேற்று நீங்கள் மதாம் வீட்டை போனனீங்களோ?"

"நேற்றுப் புதனெல்லே. ஆஸ்பத்திரி. ஏன்?"

சொன்னேன். அம்மாவின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. சிரிப்பார் என்று நினைத்தேன்.

"என்ன உடுப்போட நிண்டதாம்?"

"கேக்கேல்லை."

"கேக்காதை." சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேரை ஒரு வீட்டிலை எழுதிப்போட்டு, ஆளை இன்னொரு வீட்டிலை படுக்கவிட்டால் பேர் என்ன செய்யும்? தனிய நிண்டு பாத்துக்கொண்டிருக்கும்."

பால்

அடுத்த திங்கள் நான் திறப்பைப் போட்டபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. குசினியில் விளக்கு. அம்மா.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். தலைக்குக் குளித்து, சாறி உடுத்து, அதற்குமேல் பனிக் கோட்டு. மதாமின் மின்னடுப்பில் ஒரு புதுச் சட்டி. விலைத்துண்டு ஒட்டிய அடையாளம் இன்னும் அதன் வயிற்றில். பக்கத்தில் ஒரு தட்டத்தில் மஞ்சள், குங்குமம், தோடம்பழம் இரண்டு.

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குக் குடிபூரும்போது முதலில் பால் காய்ச்சுவார்கள். பொங்கி வழியவேண்டும். வழிந்தால்தான் வீடு ஆளை ஏற்றுக்கொண்டது என்று கணக்கு.

"அம்மா, இது மதாமின்ர வீடு!"

"தெரியும். நான் என்ன வீட்டையே கேக்கிறன்? உன்ர பேர் இஞ்சை இருக்கு. அதுக்கொரு பால் காய்ச்சாமல் விட்டது என்ர பிழை. கிழக்குப் பக்கம் பாத்து நில்லு."

"கிழக்கு எது?"

அம்மா யோசித்தார். மலைக்குப் பின்னால் சூரியன் போன பக்கத்தைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் என்னைத் திருப்பினார். நான் குளிர்பெட்டியின் இருட்டுக்கு முகம் கொடுத்து நின்றேன்.

பால் எழும்பியது. மெல்ல, ஒரு வெள்ளைத் தலை சட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல. "பொங்கட்டும், பொங்கட்டும், பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது," என்று அம்மா முணுமுணுத்தார். வழிந்தது. எங்கள் வீட்டு அடுப்பென்றால் சுருளுக்குக் கீழே ஓடிவிடும். இது கண்ணாடி அடுப்பு. பால் பரவி, கறுத்து, ஒரு நிமிசத்தில் குசினி முழுக்கப் புகை.

கூரையில் இருந்த சின்ன வட்டம் கத்தத் தொடங்கியது. அந்த வட்டம் எங்கேயோ ஒரு காவல் நிறுவனத்தின் கந்தோரோடு தொடுக்கப்பட்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தொலைபேசி அடித்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலு தரம். பிறகு மதாம் சிரித்துக்கொண்டே, தாங்கள் இப்போது வரமுடியாமலிருக்கிறோம் என்று சொன்னா.

ஆகவே கந்தோர்க்காரர் தீயணைப்பு வண்டியை அனுப்பினார்கள்.

லீக்ஸ் சூப்

மூன்று பேர், தொப்பியோடு, கோடரியோடு. அடுப்பைப் பார்த்தார்கள். யன்னலைத் திறந்தார்கள். ஒருவர் சிரித்தார். தலைவர்போல் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் கோட்டுக்குக் கீழே தெரிந்த சாறிக்கரையைப் பார்த்தார்.

"இந்த வீட்டில் இருப்பது யார்?"

வாசலில் எலோடியும் அவள் தாயும். சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தார்கள். எலோடி என்னைக் காட்டினாள். "இவள். என்ர வகுப்பு. எனக்குத் தெரியும்."

"அப்போ நீங்கள்?" என்று அம்மாவைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேனா? திறந்தேன் என்றே நினைக்கிறேன். அம்மா முந்திக்கொண்டார். மதாமிடம் பழகிய, ஒரு முள்ளும் இல்லாத பிரெஞ்சில்:

"நான் துப்பரவு செய்ய வாறனான், மிசியே. பால் சூடாக்கினன். என்ர பிழை. சின்ன மதாமுக்கு ஒண்டும் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அவையோட போங்கோ. புகை கூடாது. நான் துடைச்சுப்போட்டுப் பூட்டுறன்."

நீங்கள் என்றார். என்னை.

எலோடியின் தாய் என் தோளைச் சுற்றிக் கைபோட்டு, வீதியைக் கடந்து கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுசி. கம்பளிப் போர்வை தந்தார். சாப்பாட்டு மேசையில் இருத்தி, லீக்ஸ் சூப் ஊற்றித் தந்தார். "அம்மா அப்பா வரும்வரைக்கும் இஞ்சை இரு."

என் கதிரை யன்னலுக்கு நேரே.

எதிரே வீடு முழுக்க வெளிச்சம். அம்மா குனிந்து அடுப்பைத் தேய்ப்பது தெரிந்தது. நிமிர்ந்தார். மறைந்தார். மாடிப்படி யன்னலில் ஒரு நிழல் ஏறியது. மேலறையில் வந்து நின்று வீதியைப் பார்த்தது. அது அம்மா என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். எலோடி நகம் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கை காட்டினாள். நிழல் கை காட்டவில்லை. பிறகு மேலறை அணைந்தது. மாடிப்படி அணைந்தது. குசினி அணைந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அம்மா கதவைப் பூட்டி, பிளாஸ்ரிக் பையோடு, மூலையிலிருந்த பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். ஒரு தடவையும் திரும்பவில்லை.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். எலோடியின் தாய் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த வகுப்புத் தொலைபேசிப் பட்டியலில் என் பேரைத் தேடி எடுத்தார். "ஒருக்கால் எடுத்துப் பாப்பம்."

படிவத்தில் கொடுத்ததும் அந்த வீட்டின் இலக்கம்தான். வீதிக்கு அப்பால், இருட்டு வீட்டுக்குள், மெல்லியதாக மணி அடிப்பது எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது. கேட்டது. பிறகு இவருடைய காதிலிருந்த ரிசீவரில் மதாம் சிரித்தா.

"போன்ஜூர்," என்றார் எலோடியின் தாய் அந்தக் குரலுக்கு. "உங்கட மகள் எங்களோட இருக்கிறா. பயப்பிடாதேங்கோ. பத்திரமா இருக்கிறா."

யாருக்குச் சொல்லுகிறார்? அந்த நேரம் என் நெஞ்சுக்குள் நடந்ததை எழுத இருபது வருசமாக முயற்சிக்கிறேன். அந்த வசனத்தை அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த வீட்டில் என் பேரில் ஒருத்தி, அவளுக்கு ஒரு தாய், ஒரு தகப்பன், மூவரும் துணிபோர்த்திய கதிரைகளில் இருட்டுக்குள் இருந்துகொண்டு, *பத்திரமா இருக்கிறா* என்பதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இந்த மேசையில் இருந்தால் அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வருவார்கள்.

"அது எங்கட வீடில்லை," என்றேன்.

கரண்டிகள் நின்றன.

"அங்க துடைச்சது என்ர அம்மா. பஸ் தரிப்பிலை நிக்கிறா."

எலோடி யன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப புதன்கிழமை யன்னலிலை நிண்டது?" என்று கேட்டாள். இத்தனைக்கும் நடுவே அவளுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. நான் அவளை அதற்காக இன்றுவரை நேசிக்கிறேன்.

"தெரியாது," என்றேன்.

அவள் தாய் மெல்ல, யாரிடமும் இல்லாமல், "அவவும் வந்து சூப் குடிச்சிருக்கலாமே," என்றார்.

அம்மா பஸ் தரிப்பில்தான் நின்றார். புருவமெல்லாம் வெண்பனி.

"ஏன் வந்தனி?"

"நீங்கள் ஏன் போகேல்லை?"

"மூண்டு பஸ் விட்டிட்டன். நீ எப்பிடி வருவாய் எண்டு யோசிச்சன்." மூக்கைத் துடைத்தார். "சாப்பிடத் தந்தவையோ?"

"லீக்ஸ் சூப்."

"உப்பிருந்ததோ?"

"இல்லை."

"நினைச்சன்," என்றார் அம்மா.

குடிபூரல்

பஸ்ஸில் ஆளில்லை. அம்மாவின் மடியில் பையும், பைக்குள் அடிபிடித்த சட்டியும். நான் அவையளுக்குச் சொல்லிப்போட்டன் என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, எங்கட வீட்டிலை பால் காய்ச்சினனீங்களோ?"

"எந்த வீடு?"

"எங்கட. மூண்டாம் மாடி."

அம்மா கண்ணைத் திறந்து, நான் ஏதோ முட்டாள் கேள்வி கேட்ட மாதிரிப் பார்த்தார். "அது வாடகை வீடெல்லே. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கிற இடம். அதுக்கு ஆர் காய்ச்சுவினம்?"

சொல்லி முடித்தபிறகு அது அவருடைய காதிலேயே விழுந்திருக்கவேண்டும். கோட்-டெ-நெய்ஜில் இறங்கியதும் தெருமுனை டெபனருக்குள், அந்தச் சின்னக் கடைக்குள், எனக்கு முன்னால் போனார். ஒரு பை பால் எடுத்துக்கொண்டு வந்தார்.

சட்டியை நான் தேய்த்தேன். எங்கள் சுருள் அடுப்பில் பால் எழும்பி, வழிந்து, கீழே ஓடி, சீறியது. அம்மா துவாயை எடுத்துக் கூரையிலிருந்த வட்டத்தின் முன்னால் பேய் ஓட்டுகிற மாதிரி வீசினார். சீறின சத்தத்துக்கு அப்பா சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தார். வேலைக்குப் போக இன்னும் நேரமிருந்தது.

"என்ன, என்ன? ஆர் குடிபூருறது?"

"நாங்கள்தான்," என்றார் அம்மா. "பேசாமல் கிழக்கைப் பாத்து நில்லுங்கோ."

மூவரும் ஒரே குவளையில் ஒவ்வொரு வாய் குடித்தோம். அடிபிடித்த வாசம். அன்றிரவு நான் கனவில்லாமல் தூங்கினேன்.

அம்மா மறுநாளே புளோரிடாவுக்குத் தொலைபேசி எடுத்து மதாமுக்கு எல்லாவற்றையும் சொன்னார். மதாம் கத்தவில்லை. ஏப்ரலில் திரும்பி வந்து, திறப்பை வாங்கிக்கொண்டு, கண்ணாடி அடுப்பிலிருந்த கறுப்பு வட்டத்தைக் காட்டி, "இது போகாது, தெரியுமா?" என்று மட்டும் கேட்டா. வேலை அத்தோடு முடிந்தது. சித்தப்பா எங்களோடு ஒரு வருசம் கதைக்கவில்லை.

நானோ அந்தச் செவ்வாய் காலையே, முதல் மணிக்கு முந்தி, பள்ளிக்கூடக் கந்தோருக்குப் போனேன். செயலாளர்ப் பெண்மணி கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. விலாசம் மாற்றவேண்டும் என்றேன். படிவமொன்று தந்தா. வீதியின் பேர், கட்டட இலக்கம், மூன்றாம் மாடி, எங்கள் தொலைபேசி எண். முதல் தடவையாக எழுதியதால் எழுத்துக் கோணியது.

அவ வாசித்தா. வரைபடத்தைப் பார்த்தா. பேனையின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டினா.

"இது எங்கட எல்லைக்குள்ளை இல்லை, மகளே. ஜூன் வரைக்கும் இருக்கலாம். செப்டம்பரிலை நீ வேறை பள்ளிக்கூடம்."

"தெரியும்."

"ஒரு இடத்தை விட்டிட்டாய்." படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வெற்றுக் கோட்டில் விரலை வைத்தா. "வீடு மாறினது எப்ப?"

நான் யோசிக்கவில்லை.

"நேற்று," என்றேன்.